மாத்திரை அளவு இரும்பு

போன ஏப்ரலில் சக்லேஷ்பூரிலிருந்து காபித் தோட்டக்காரர் கௌடர் தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து என் ஷெட்டில் நிறுத்தினார். இறங்கியதும் டேஷ்போர்டைக் காட்டி, "மேஸ்திரி, இந்த லைட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிச்சுக்கிட்டே இருக்கு. இந்த வயசுல எனக்கு வெக்கமா இருக்கு" என்று கன்னடத்தில் சொன்னார்.

கண்ணடித்தது ஃபோர் வீல் விளக்கு. கியருக்குப் பக்கத்தில் ஒரு திருகி இருந்தது. 'டூ ஹை, ஃபோர் ஹை, ஃபோர் லோ' என்று அதில் மூன்று இடம். எங்கே திருப்பினாலும் விளக்கு மினுக்கியது. முன் சக்கரத்துக்கு இழுவை போகவில்லை. அதற்கு முந்தின வருஷம் ஜூன் மாதம் இதே கோளாறுக்காக வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார். "மாட்யூல் போச்சு" என்று சொல்லி 31,000 ரூபாய்க்குப் புதுசு மாட்டிக் கொடுத்தார்கள். அக்டோபரில் அந்தப் புதுசும் போயிற்று. மறுபடி அதே 31,000 சொன்னதும் கௌடர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. அவருடைய அப்பாவின் ஜீப்புக்கு என் அப்பா வேலை பார்த்தவர். அந்த ஜீப்பின் ஆக்ஸில் ஒருமுறை என்னால் முறிந்ததும் அவருக்குத் தெரியும். 44 வருஷமாக அதைச் சொல்லிச் சிரிக்கிறார். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால், பெங்களூரில் இந்த ஃபோர் வீல் தொழில் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் மாட்யூல் என்ற அந்தக் கறுப்பு டப்பா ஏன் இரண்டு தடவை செத்தது என்பதும் விளங்கும்.

பட்டாளத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். 1809இல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பட்டாளத்தைப் பெங்களூருக்கு மாற்றினார்கள். அல்சூர் ஏரிப் பக்கம் தண்டு, அதாவது பட்டாளம், இறங்கியது. சிவாஜி நகரில் இருக்கும் அம்மனுக்கு இன்றும் தண்டு மாரியம்மன் என்றுதான் பெயர். மதராஸ் பட்டாளத்தோடு வந்த தமிழர்கள் அங்கேயே தங்கினார்கள். சோல்ஜர்கள் மட்டுமல்ல, அவர்களுக்குச் சமைத்தவர்கள், துவைத்தவர்கள், கட்டடம் கட்டியவர்கள், வண்டி ஓட்டியவர்கள் எல்லாரும். 1780இல் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸ் படை 1834இல் பெங்களூரைத் தன் ஊராக்கிக்கொண்டது. பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் அவர்கள் வேலை. பட்டாளத்தில் அவர்களுக்கு வழங்கும் செல்லப் பெயர் 'தம்பி'. இரும்பைத் தொட்டுப் பழகிய கைகள் அல்சூரிலும் மர்பி டவுனிலும் நிறைய இருந்ததற்கு இதுதான் மூலம்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் இந்த ஊர் ஒரே பெரிய ஒர்க்‌ஷாப் ஆகிவிட்டது. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் விமானத் தொழிற்சாலை தொடங்கினார். 1943 முதல் அங்கே அமெரிக்கப் படையின் விமானங்களைப் பழுது பார்த்தார்கள். அதே 1943 அக்டோபரில், ராணுவத்தின் வண்டி, பீரங்கி, கருவி எல்லாவற்றையும் ரிப்பேர் செய்வதற்கென்றே தனிப் படைப்பிரிவு உண்டாயிற்று. இப்போது ஈஎம்இ என்கிறோமே, அது. மறு வருஷம் என் அப்பா அல்சூர்ப் பக்கம் ராணுவ ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஹெல்பராகச் சேர்ந்தார். அவருக்கு வயது 18. முதல் வேலை மண்ணெண்ணெயில் பல்சக்கரம் கழுவுவது. கழுவியது ஜீப்பின் பல்சக்கரம்.

ஜீப் அப்போதுதான் பிறந்த குழந்தை. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டு, நாலு சக்கரமும் இழுக்கும் சின்ன வண்டி ஒன்று 49 நாளில் வேண்டும் என்று கேட்டது. பான்டம் என்ற சின்னக் கம்பெனி கெடுவுக்குள் செய்து காட்டியது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி அதற்கு முன்பும் உண்டு; 1903இலேயே ஹாலந்தில் ஸ்பைக்கர் செய்தது. ஆனால் கூலிக்கு வேலை செய்யும் ஒரு மெக்கானிக் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய வண்டியாக வந்தது ஜீப்தான்.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்த ஜீப்புகள் டிஸ்போசல் ஏலத்துக்கு வந்தன. 1947 ஜூலை 26 அன்று தண்டுப் பகுதி மைசூர் அரசிடம் திரும்பியது. அதே வருஷம் பம்பாயில் மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பைப் பாகமாகக் கொண்டுவந்து கோக்க ஆரம்பித்தது. டிஸ்போசல் ஜீப்பும் மகிந்திரா ஜீப்பும் போய்ச் சேர்ந்த இடங்களில் முக்கியமானது மலைநாடு. குடகு, சிக்கமகளூர், சக்லேஷ்பூர் காபித் தோட்டங்களில் ஜூன் தொடங்கினால் பாதை என்று ஒன்று இருக்காது, சேறுதான் இருக்கும். மாட்டுவண்டி மாட்டிக்கொள்ளும் இடத்தில் ஜீப் ஏறிப் போனது. தோட்டக்காரர் வீட்டில் ஜீப், குடும்பத்தில் ஒரு ஆள்.

அப்பா 1969இல் ராணுவ வேலையை விட்டு வில்சன் கார்டன் சந்தில் தகர ஷெட் போட்டார். எஸ்எஸ்எல்சி எழுதிவிட்டு 1979இல் நான் அங்கே உட்கார்ந்தேன். எங்களுக்குக் காலண்டர் தோட்டக்காரர்களுடையது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் பறிப்பார்கள், யாரும் வரமாட்டார்கள். மார்ச்சில் கையில் பணம் இருக்கும். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் 220 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு ஜீப்புகள் வந்து வரிசை கட்டும். ஜூன் மழைக்கு முன் எல்லாம் திரும்பியாக வேண்டும். ஆயுத பூஜைக்கு அவர்கள் ஆளனுப்பிக் காபிக்கொட்டை கொடுப்பார்கள்.

தொழிலின் தெருக்களையும் சொல்ல வேண்டும். டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை இறங்கும் ஜே.சி. ரோடு புதுச் சாமான்களுக்கு. ஜெயசாமராஜேந்திர உடையார் பேர் வைத்த ரோடு என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பேரிங்கும் ஆயில் சீலும் கிடைக்கும் ரோடு, அவ்வளவுதான். பாகத்தின் நம்பர் சொல்லிக் கேட்கும் வழக்கம் அப்போது இல்லை. தேய்ந்ததைப் பழைய பேப்பரில் மடித்துக் கொண்டுபோய்க் கவுண்டரில் வைத்தால், கடைக்காரர் எடை பார்ப்பதுபோலக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போவார். புதுசு கிடைக்காதென்றால் சிவாஜி நகர் குஜரிக்குப் போக வேண்டும். குஜரி என்றால் பழைய இரும்பு. சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை என்றால் சட்டென்று விளங்கும். அங்கே ஒரு பாய் இருந்தார். பல்சக்கரத்தை ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே கீறல் இருக்கிறதா என்று சொல்வார். ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் நிசான் டிசைனில் 1999 வரை செய்த ஜோங்கா வண்டிகளும் கழிக்கப்பட்டு அங்கேதான் துண்டு துண்டாக வரும். சாமானைத் தோட்டத்துக்கு அனுப்பக் கலாசிபாளையம் லாரி ஆபீஸ். இந்த மூன்று இடமும் தெரிந்தவன் மேஸ்திரி, தெரியாதவன் பையன்.

நான் பையனாக இருந்தபோது செய்த காரியம்தான் அந்த ஆக்ஸில் கதை.

பழைய ஜீப்பில் கியர் கம்பியோடு இன்னும் இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று முன் சக்கரத்தைச் சேர்க்க, பிரிக்க. மற்றது ஹை, லோ மாற்ற. இரண்டும் இறங்குவது ஸ்பைசர் 18 என்ற ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள். லோ போட்டால் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். அவ்வளவு முறுக்கையும் பின் ஆக்ஸில் ஒன்றே தாங்கக் கூடாது. முன் ஆக்ஸிலும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஆகையால் முன் சக்கரத்தைச் சேர்த்த பிறகுதான் லோ விழ வேண்டும். இந்தச் சட்டத்தை டிரைவருக்கு யார் ஞாபகப்படுத்துவது? கேஸுக்குள்ளே இரண்டு தண்டுகள் அக்கம்பக்கமாக ஓடும். இரண்டுக்கும் நடுவே துளையில் ஒரு சின்ன இரும்புத் துண்டு, இரண்டு முனையும் உருண்டு, காய்ச்சல் மாத்திரை போல இருக்கும். ஒரு தண்டு அதற்குரிய பள்ளத்துக்கு வந்தால்தான் மாத்திரை அந்தப் பக்கம் ஒதுங்கி மற்றத் தண்டுக்கு வழிவிடும். அவ்வளவுதான் ஏற்பாடு. வயர் இல்லை, ஸ்பிரிங்கூட இல்லை.

1981 மே மாதம், கௌடருடைய அப்பாவின் ஜீப். நான் தனியாகக் கோத்த முதல் கேஸ். கோத்து முடித்து, தட்டிலிருந்த மண்ணெண்ணெயைக் கொட்டினேன். மாத்திரை அந்தச் சேற்றோடு போய்விட்டது. நான் கவனிக்கவில்லை. ஜீப் ஓடியது. கம்பிகள் முன்பைவிட லேசாக விழுந்தன. பெரியவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பையன் கை சுத்தம்" என்று எனக்கு ஐந்து ரூபாய் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து மழையில், டிரைலர் நிறைய எருவோடு மேட்டில் ஏறும்போது டிரைவர் முன் சக்கரத்தைச் சேர்க்காமலே லோ போட்டுவிட்டான். அதைத் தடுக்க வேண்டிய மாத்திரை உள்ளே இல்லை. பின் ஆக்ஸில் தண்டு முறிந்தது.

அப்பா கோணிப்பையில் புது ஆக்ஸில் தண்டைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் சக்லேஷ்பூர் போனார். நாலு நாள் கழித்து நனைந்து திரும்பினார். அடிப்பார் என்று ஓரமாக நின்றேன். அடிக்கவில்லை. குஜரியில் வாங்கிய ஒரு மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்து, "இது இல்லாமலும் வண்டி ஓடும்டா. அதுதான் ஆபத்து" என்றார். அந்த மாத்திரை இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

இதே காலத்தில், எங்களுக்குத் தெரியாமல், பெங்களூரில் இன்னொரு தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. தெரியாமல் என்று சொல்வதும் தப்பு. சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எங்கள் ஷெட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில் ஆடுகோடியில் மைகோ. 1951இல் பாஷ் கம்பெனியின் கூட்டோடு தொடங்கியது. டீசல் பம்பும் ஸ்பார்க் பிளக்கும் செய்தார்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சைக்கிள்கள் அணை உடைந்தாற்போல வெளியே வரும். 1948இல் தூரவாணி நகரில் டெலிபோன் செய்யும் ஐடிஐ, 1954இல் ஜாலஹள்ளியில் ரேடியோ, ராடார் செய்யும் பிஇஎல். 1978இல் ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டிக்கு 332 ஏக்கர். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே ஆபீஸ் போட்டது. 1996இல் மெர்சிடிஸ் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவும் வந்தது. எஸ்.பி. ரோட்டுச் சந்துகளில் ரிலே, கெபாசிட்டர், சால்டர் கம்பியெல்லாம் காய்கறிபோலக் கூறுகட்டி விற்றார்கள். நான் அங்கே போவது ரேடியோ ரிப்பேருக்கு மட்டும். பல்சக்கரத் தெருவும் ரிலே தெருவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நாள் வரும் என்று நினைக்கவில்லை.

வந்தது. 1980களின் நடுவில் அமெரிக்காவில் ஃபோர்டு தன் சின்ன வண்டிகளில் கம்பிக்குப் பதில் பொத்தான் வைத்தது. போர்க் வார்னர் செய்த ட்ரான்ஸ்ஃபர் கேஸில் மின்மோட்டார் ஒன்று தண்டை நகர்த்தும். 1986இல் பாஷ், வண்டிக்குள் இருக்கும் டப்பாக்கள் இரண்டே வயரில் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் கேன் என்ற ஏற்பாட்டை உலகத்துக்குக் காட்டியது. நம் ஊரில் 1985 டிசம்பரில் வந்த ஜிப்ஸிக்குக் கம்பிதான். மகிந்திரா 540க்கும் கம்பிதான். 1990களின் கடைசியிலும் 2000களிலும் சஃபாரி, ஸ்கார்பியோ வகை வண்டிகளில் பொத்தான் எட்டிப் பார்த்தது. பிறகு பிக்கப் காலம்: ஸ்கார்பியோ கெட்அவே, சீனான், 2016இல் ஸ்ரீசிட்டியிலிருந்து இசுசு வி-கிராஸ், 2022இல் ஹைலக்ஸ். தோட்டக்காரர்களின் பிள்ளைகள் ஜீப்பை விற்காமல் ஓரம் கட்டிவிட்டு இவற்றை வாங்கினார்கள். கம்பி மறைந்தது, திருகி வந்தது.

திருகி எப்படி வேலை செய்கிறது என்று முதலில் எனக்கும் பிடிபடவில்லை. நாலு ராத்திரி வயரிங் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு சிரிப்பு வந்தது. திருகி எதையும் நகர்த்துவதில்லை, மனு கொடுக்கிறது. மனு போய்ச் சேரும் இடம் மாட்யூல். டேஷ்போர்டுக்குள்ளே சோப்புப் பெட்டி அளவில் கறுப்பு டப்பா. அது முதலில் விசாரிக்கும்: வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது? நியூட்ரலில் இருக்கிறதா? கிளட்ச் மிதித்திருக்கிறதா? 'ஃபோர் ஹை' என்றால் ஓடும்போதே அனுமதி உண்டு. 'ஃபோர் லோ' என்றால் வண்டி நின்றிருக்க வேண்டும். எல்லாம் சரியென்றால் ரிலே வழியாகக் கேஸில் இருக்கும் மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும். மோட்டார் தண்டைத் திருப்பும். தண்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று மோட்டாருக்குள்ளேயே ஒரு தகடு திரும்பச் சொல்லும். குறித்த நேரத்துக்குள் இடத்துக்கு வரவில்லையானால் டப்பா கரன்ட்டை நிறுத்திவிட்டு விளக்கை மினுக்கும்.

என் மகள் எலக்ட்ரானிக் சிட்டியில் வண்டி டப்பாக்களுக்கு மென்பொருள் எழுதும் ஒரு இடத்தில் வேலை செய்கிறாள். ஒரு நாள் டிராயரில் பேனா தேடியவள் அந்த மாத்திரையை எடுத்து, "இது என்னப்பா?" என்றாள். சொன்னேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்டர்லாக். நாங்க இதையேதான் எழுதறோம்ப்பா. அது நடக்காம இது நடக்கக் கூடாதுன்னு. ஆனா எழுதினதைச் சோதிக்க ஆறு மாசம் ஆகுது" என்றாள்.

கௌடர் வண்டியைப் பிரித்த கதைக்கு வருவோம். விளக்கு மினுக்கினால் மாட்யூலைப் பிடித்து இழுப்பது முதல் வேலை அல்ல, கடைசி வேலை. முதலில் பேட்டரி: 12.5 வோல்ட், சரி. பிறகு ஃபியூஸ், எர்த்: சரி. ஸ்கேனரைச் சொருகினேன். 2010இல் பிஎஸ் 4 வந்ததிலிருந்து ஓபிடி சாக்கெட் வண்டிகளில் கட்டாயமாகிவிட்டது. இந்தத் தொழிலில் எங்களுக்குக் கிடைத்த ஒரே சன்னல் அது. மோட்டார் சர்க்யூட்டில் கோளாறு என்று வந்தது. மாட்யூலில் கோளாறு என்று அது சொல்லவே இல்லை.

வண்டிக்கு அடியில் படுத்து மோட்டாரின் கப்ளரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் கொடுத்தேன். நல்ல மோட்டார் 'டிர்ர்க்' என்று ஓடி 'டக்' என்று நிற்கும். இது முனகியது, நகரவில்லை. கிளாம்ப் மீட்டர் 20 ஆம்பியரைத் தாண்டியது. மோட்டாரைக் கழற்றிவிட்டுத் தண்டை ஸ்பானரால் திருப்பினேன், வெண்ணெய்போலத் திரும்பியது. அப்படியானால் கேஸ் நல்லது, மோட்டார்தான் நோயாளி. திறந்தேன். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் நிறத்தில் துருச் சேறு.

தண்ணீர் எப்படிப் போயிற்று? மூச்சுக்குழாய் என்று ஒன்று உண்டு. சுண்டுவிரல் தடிமனில் ரப்பர் குழாய், கேஸிலிருந்து மேலே எஞ்சின் அறை வரை போகும். அது கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஓடிச் சூடான கேஸ் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் தண்ணீர் மட்டத்தில் இருந்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தோட்டத்து ஓடையை இந்த வண்டி தாண்டியிருக்கிறது. பிறகு கௌடர் பிள்ளைகள் படிப்புக்காக ஜெயநகரில் வீடு எடுத்து, வண்டி நெடுஞ்சாலையிலேயே ஓடியிருக்கிறது. இரண்டு வருஷம் திருகியைத் தொடவே இல்லை. உள்ளே போன தண்ணீர் சாவகாசமாகத் துருவாகியது. மழையில் ஒரு நாள் அவர் திருகியபோது மோட்டார் திணறியது. திணறும் மோட்டார் நாலு மடங்கு கரன்ட் தின்னும். அந்தக் கரன்ட் போவது மாட்யூலுக்குள் இருக்கும் ரிலே வழியாக. முதல் மாட்யூலின் ரிலே கருகியது. புது மாட்யூல் மாட்டினார்கள், அதே மோட்டார், அதுவும் கருகியது. மூன்றாவது மாட்டியிருந்தால் அதுவும் கருகும்.

டேஷ்போர்டு டிராயரில் பிளாஸ்டிக் பையில் முதல் மாட்யூல் இருந்தது. பழசைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார், புண்ணியவான். திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு ரிலே கருகி, அதன் கால் சால்டரைச் சுற்றி மெல்லிய வளையமாக வெடிப்பு. எஸ்.பி. ரோட்டில் அதே நம்பர் ரிலே இரண்டு, 160 ரூபாய். மாற்றிச் சால்டர் வைத்தேன். புது மாட்யூல் என்றால் அதை அந்த வண்டிக்குப் பழக்க வேண்டும். வண்டியின் நம்பர், டயர் அளவு எல்லாம் கம்பெனி லேப்டாப்பில் ஏற்ற வேண்டும். அந்தக் கதவு எங்களுக்குத் திறக்காது. இது அந்த வண்டியோடு பிறந்த மாட்யூல். மாட்டியதும் வீட்டுக்கு வந்த மாடுபோலத் தன் இடத்தைத் தெரிந்துகொண்டது. மோட்டார் புதுப்பேட்டையிலிருந்து பழசு ஒன்று, 4,500. மூச்சுக்குழாய் மீட்டர் 40 ரூபாய், கிளிப் தனி. பேட்டரி நெகட்டிவை மாட்டித் திருகினேன். 'டிர்ர்க், டக்.' விளக்கு நிலைத்து எரிந்தது.

இப்படி வேலை பார்ப்பது சாமர்த்தியம் என்று நான் சொல்லவில்லை. படமும் குறியீடும் கையில் இருந்தால் எந்த நல்ல மெக்கானிக்கும் செய்வான். அவை எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பதுதான் சங்கடம். 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு ஏறக்குறைய 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டு, உதிரிபாகமும் சோதனைக் கருவியும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரிப்பேர் உரிமை'க்காக ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, மொபைல் ஃபோன், வீட்டுச் சாமான், வண்டி என்று நாலு துறை. டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். என் ஷெட்டுக்கு வரும் மாட்யூல்கள் இன்னும் பூட்டியபடிதான் வருகின்றன. அதே 2022 ஜூன் 30 அன்று ஆடுகோடியில் பழைய மைகோ வளாகம் புது வேஷம் போட்டது. பம்பு செய்த இடத்தில் இப்போது மென்பொருளும் ஆராய்ச்சியும். உலகத்து வண்டிகளின் மூளையை எழுதும் ஊர் இது. அந்த மூளை கெட்டால் என்ன கோளாறு என்று கேட்கவும் அதே ஊர் மேஸ்திரிக்கு வாய் இல்லை.

டப்பாமேல் எனக்குக் கோபம் கிடையாது. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. மோட்டார் நகரவில்லை என்று கண்டது, நிறுத்தியது, விளக்கைப் போட்டு நம்மைக் கூப்பிட்டது. 1981இல் என் மாத்திரை தொலைந்ததை எந்த விளக்கும் சொல்லவில்லை. குற்றம், கூப்பிட்டவனையே குற்றவாளியாக்கி மாற்றிப் போட்டதில் இருக்கிறது. என் அப்பா கற்றுக்கொண்ட அல்சூர் ஒர்க்‌ஷாப்பில் உடைந்த பாகத்துக்குப் பதில் வேறு கேட்டால், உடைந்ததைக் கொண்டுவந்து காட்டி, ஏன் உடைந்தது என்று சொன்னால்தான் ஸ்டோர்காரர் கொடுப்பாராம். அந்தக் கேள்விதான் இந்தத் தொழில்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை மண்பாதையில், நேராக, நூறு இருநூறு மீட்டர் ஃபோர் வீல் போட்டு ஓட்டுங்கள். காய்ந்த தார் ரோட்டில் வேண்டாம், வளைவில் முன்னும் பின்னும் மல்லுக்கு நிற்கும். மழைக்கு முன் அடியில் பார்க்கச் சொல்லி, மூச்சுக்குழாய் இடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கே எதை மாற்றினாலும் பழசைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டு வையுங்கள். கௌடர் அந்தப் பையைத் தூக்கி எறிந்திருந்தால், நானும் அவரிடம் 31,000 ரூபாய்தான் சொல்லியிருப்பேன்.